கப்பல் பயணம் போகும் நெல்லைக்காரர்களுக்கு: ஏறுவது முதல் வீட்டுக்குச் சேதி சொல்வது வரை

அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம், பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு என்று சொகுசுக் கப்பலில் மூன்று நாள், ஐந்து நாள் போய்வருகிற குடும்பங்கள் இப்போது நம் பக்கத்திலும் பெருகிவிட்டன. டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள் நீச்சல் குளத்தையும் சாப்பாட்டையும் விரிவாகச் சொல்வார்கள். கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் போன் செத்துவிடும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பாளையங்கோட்டையில் இருக்கிற ஆச்சி பத்துத் தடவை கூப்பிட்டு, பத்துத் தடவையும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று கேட்டால் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. கப்பலில் சேதி சொல்வதற்குக் காசைவிட முன்னேற்பாடுதான் அதிகம் தேவை. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எங்கே ஏறுவது, எப்போது போவது

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட சீமை இது. 2011 ஜூனில் அதே தடத்தில் ஒரு பயணிகள் கப்பல் மறுபடி வந்தது. அந்த வருஷம் நவம்பரிலேயே நின்றும் போனது. இன்றைக்குச் சொகுசுக் கப்பல் ஏறவேண்டுமென்றால் சென்னை, கொச்சி, மும்பை. வெளிநாடு என்றால் பெரும்பாலும் சிங்கப்பூர்.

சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸோ வந்தே பாரத்தோ எழும்பூரில் இறக்கிவிடும். அங்கிருந்து மின்சார ரயிலில் பூங்கா, கோட்டை தாண்டினால் கடற்கரை நிலையம். துறைமுகம் அதை ஒட்டியே. ஆனால் பெட்டியும் பெரியவர்களுமாகப் போகிறவர்கள் வாடகைக் கார் பிடிப்பதே நல்லது. எந்த வாசல் வழியாக உள்ளே விடுவார்கள் என்பது போர்டிங் தாளில் இருக்கும். அதை ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கொச்சிக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி தென்காசி, புனலூர், கொல்லம் வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுனில் விடும். கப்பல் முனையம் வில்லிங்டன் தீவில் இருக்கிறது, காரில் போய்விடலாம். சிங்கப்பூருக்குத் திருச்சி அல்லது திருவனந்தபுரம் விமான நிலையம்.

கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். ரயில் தாமதம் என்று சொன்னால் காத்திருக்க மாட்டார்கள், காசும் திரும்பாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனதை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கடலும் அந்த மாதங்களில் வங்காள விரிகுடா பக்கம் ஆட்டமாக இருக்கும். அரபிக் கடலுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆகாது. முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு, பிப்ரவரி, மார்ச் நல்ல காலம்.

தாள்கள்

பாஸ்போர்ட்டில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்கவேண்டும். இல்லையென்றால் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து நாள் ஒதுக்கி விண்ணப்பியுங்கள். இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றுகிற பயணத்துக்கு வேறு அடையாள அட்டை போதும் என்று சொல்வார்கள். இலங்கையைத் தொட்டாலே பாஸ்போர்ட் வேண்டும்.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிற விஷயம் ஒன்று. கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்புவதும் சிங்கப்பூருக்குத்தான். அதாவது அந்த நாட்டுக்குள் நீங்கள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஒரே தடவை நுழைவதற்கான விசா போதாது. விசா கைக்கு வந்ததும் எத்தனை நுழைவு என்பதைப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும்; அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தில் பார்க்கிற விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான நாள்வீத டிப்ஸ் எல்லாம் மேலே சேரும். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். கர்ப்பிணிகளை 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையையும் அப்படியே.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது

இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றையும் ஸ்கேனரிலேயே பிடித்து எடுத்துவைத்துவிடுவார்கள். ஊதுபத்தி, சூடம், அகல் விளக்கு அறைக்குள் கூடாது. கப்பலில் தீயைப் போல ஆபத்து வேறில்லை என்பதால் இதில் கெஞ்சிப் பயனில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியும் பல கப்பல்களில் தடை. யுஎஸ்பி துளைகள் நிறைய உள்ள சார்ஜர் ஒன்று போதும். வீட்டில் கட்டிய புளியோதரையும் எலுமிச்சம்பழச் சாதமும் ரயிலோடு தீர்ந்துவிடவேண்டும். சீல் வைத்த பாக்கெட் பலகாரத்துக்குப் பொதுவாகத் தடையில்லை. அல்வா கொண்டுபோகிறவர்கள் நெய் கசியாத டப்பாவில் அடைத்ததை வாங்குங்கள். இலையிலும் தாளிலும் மடித்ததை உள்ளே விடுவது சந்தேகம். சைவம் மட்டும், வெங்காயம் பூண்டு வேண்டாம் என்பதையெல்லாம் டிக்கெட் போடும்போதே பதிவு செய்யவேண்டும்.

மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். பெட்டியை வாசலில் வாங்கிக்கொண்டு அறைக்குக் கொண்டுவர சாயங்காலம் ஆகிவிடலாம். சர்க்கரை மாத்திரை அதற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. குமட்டலுக்கான மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்னாலேயே போடவேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பக்கமாகக் கேளுங்கள். ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிகிற இடம் அதுதான்.

போன் ஏன் சாகிறது, பில் ஏன் ஏறுகிறது

கரையை விட்டுச் சில மைல் போனதும் நம் சிம்முக்குச் சிக்னல் போய்விடும். ஏறக்குறைய 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டியதும் பல கப்பல்கள் செயற்கைக்கோள் வழியாகச் சொந்தமாக ஒரு செல்போன் வலையை இயக்கும். உங்கள் போன் தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் போட்ட சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் இதற்குச் செல்லாது. டேட்டா ரோமிங்கை அணைத்திருந்தாலும் வருகிற அழைப்பை எடுத்தால் நிமிஷக் கணக்கில் காசு. அதனால் கப்பல் நகரும்போதே போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். குடும்பத்தில் எத்தனை போன் உண்டோ அத்தனையிலும், பிள்ளைகள் கையில் இருப்பது உட்பட.

கப்பல் வைஃபையில் கம்பெனியின் ஆப் இலவசமாக வேலை செய்யும்: சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி, கணக்கு எல்லாம் அதில் தெரியும். ஆப்பைக் கரையிலேயே இறக்கி வையுங்கள். வெளியுலக இணையத்துக்குத் தனிப் பேக்கேஜ் வாங்கவேண்டும். முன்கூட்டி வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். ஒரு பேக்கேஜ் ஒரு போனுக்குத்தான். ஒன்றில் லாக்அவுட் செய்தால்தான் அடுத்ததில் நுழையவிடுவார்கள். இரண்டு பேர் இருக்கிற குடும்பத்துக்கு ஒன்று தாராளம். வீடியோ அழைப்பு சேருமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பேக்கேஜில் எழுத்துச் செய்திதான் ஓடும்.

பேக்கேஜ் சீக்கிரம் தீர்ந்துவிட்டது, வேகமே இல்லை என்கிற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் போனிலேயே இருக்கும். வைஃபை கிடைத்ததும் அதை வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு எடுத்த முந்நூறு போட்டோவையும் போன் மேலே ஏற்றத் தொடங்கிவிடும். கிளம்பும் முன் இவற்றை மாற்றுங்கள்:

1. கூகுள் போட்டோஸ் அல்லது ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் சாட் பேக்கப்பையும்.
2. வாட்ஸ்அப் அமைப்பில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ போய், போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை வைஃபைக்கும் சேர்த்து நிறுத்துங்கள். குடும்பக் குரூப்பில் வருகிற காலை வணக்கப் படங்களே பேக்கேஜில் பாதியைத் தின்றுவிடும்.
3. ஆப்கள் தானாக அப்டேட் ஆவதை அணையுங்கள்.
4. கப்பல் வைஃபையில் சேர்ந்த பிறகு, ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கை ‘மீட்டர்டு’ என்றும் ஐபோனில் ‘லோ டேட்டா மோட்’ என்றும் மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பை எக்காரணம் கொண்டும் கப்பலில் அழித்துத் திரும்ப ஏற்றாதீர்கள். மறுபடி நுழைய ஓடிபி கேட்கும். ஓடிபி பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். விமானப் பயன்முறையில் இருக்கிற போனுக்கு எஸ்எம்எஸ் வராது. இதே காரணத்தால் வங்கி ஆப்பையும் யுபிஐயையும் நம்பியிருக்க முடியாது. கரண்ட் பில், கேஸ் பதிவு, சீட்டுப் பணம், கடன் தவணை, வீட்டுப் பெரியவர்களின் போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்குவதும் கரையிலேயே. கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். கிரெடிட் கார்டு மேல்.

வீட்டில் என்ன சொல்லிவைப்பது

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் போன் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்: கப்பல் பெயர், புக்கிங் எண், எந்த நாள் எந்தத் துறைமுகம், ஏஜென்ட் எண், கப்பல் கம்பெனியின் அவசர எண், காப்பீட்டு எண். அறை எண்ணை ஏறியதும் அனுப்பலாம். அவசரத்துக்கு கம்பெனி எண்ணில் கூப்பிட்டு இந்த விவரத்தைச் சொன்னால் கப்பலுக்குத் தகவல் போய்விடும். இந்த வழி ஒன்று இருப்பது தெரிந்தாலே வீட்டில் பாதிப் பயம் போகும்.

அடுத்தது நேரம். தினமும் ஒரே நேரத்தில் ஒரு சேதி என்று பேசிவையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் இணையத்துக்கு வருவதால் வேகம் சரியும், அதிகாலை நல்லது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் வந்தால் செய்தி இன்னும் போனைச் சேரவில்லை என்றுதான் அர்த்தம், ஆபத்து என்றல்ல என்பதைப் பெரியவர்களுக்கு ஒரு தடவை காட்டிக்கொடுங்கள். பேக்கேஜே வாங்கப்போவதில்லை என்றால், எந்த நாள் பேச்சே இருக்காது என்பதை முன்னாலேயே சொல்லுங்கள். கிளம்பும் முன் அனுப்புகிற சேதி இப்படி இருந்தால் போதும்:

‘ஆச்சி, கப்பல் ஏறியாச்சு. சாயந்திரம் 5 மணிக்குக் கிளம்புது. 7 மணிக்கு மேல போன் எடுக்காது, நாளைக்குப் பூராவும் கடல்தான். நாளன்னைக்குக் காலையில திருகோணமலையில இறங்குனதும் பேசுதோம். அம்மாவுக்கு மாத்திரை கையில இருக்கு. எங்க ரூம் நம்பர் 7118. அவசரம்னா மதினிகிட்ட அந்தத் தாள் இருக்கு.’

வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதையே குரல் செய்தியாக அனுப்புங்கள். அரை நிமிஷக் குரல் ஒரு வீடியோவைவிட எத்தனையோ மடங்கு லேசானது. மெதுவான வலையிலும் போய்ச் சேரும். படம் அனுப்பினால் எச்டி வேண்டாம், நாளுக்கு இரண்டு மூன்று போதும்.

ஸ்டேட்டஸ் வைப்பதில் நிதானம் வேண்டும். மூன்று நாள் குடும்பத்தோடு கடலில் என்று போட்டால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். பிளம்பர், கேபிள்காரர், பழைய வாடகைக்காரர் என்று எல்லார் எண்ணும் நம் போனில் இருக்கிறது. ஸ்டேட்டஸ் தனியுரிமையில் பார்க்கவேண்டிய சொந்தக்காரர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்து போடுங்கள். பூட்டிப் போவதைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் ரோந்துக்காரர்கள் ஒரு கண் வைப்பார்கள்.

கப்பலில் கடிகாரம்

ஏறிய அன்றைக்கே பாதுகாப்புப் பயிற்சி உண்டு, எல்லாருக்கும் கட்டாயம். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் உங்கள் அறை அட்டையில் எழுதியிருக்கிற கூடுமிடத்துக்குப் போகவேண்டும். பெரியவர்களை ஒரு தடவை அங்கே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

கரையில் இறங்கிச் சுற்றுகிறவர்கள் கப்பலை விடுவதற்கு நேரக் குழப்பமே பெரிய காரணம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். தாய்லாந்து ஒன்றரை மணி. சிங்கப்பூரிலிருந்து புக்கெட் போகிற கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் போன் 3.30 காட்டும்போது கப்பலில் 4.30. ஏறவேண்டிய நேரம் 4.30 என்றால் அப்போதே தாமதம். கையில் ஒரு கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்துக்கு வைத்து, இறங்கும்வரை அதைத் தொடாதீர்கள். ஆளுக்கொரு பாஸ்போர்ட் நகலும் கப்பல் முகவரின் எண்ணும் சட்டைப்பையில் இருக்கட்டும். வீட்டோடு முகம் பார்த்துப் பேச இந்தத் துறைமுகங்கள்தான் நல்ல இடம். இந்த ஊர்களுக்குச் செல்லும் ரோமிங் பேக்கை ஊரிலேயே போட்டிருந்தால் கப்பல் இணையமே வேண்டியதில்லை.

கடைசி ராத்திரி

பெட்டிகளில் அடையாளச் சீட்டு கட்டி ராத்திரியே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த உடை, மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர் நான்கையும் கைப்பையில் எடுத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்து அனுப்பிவிட்டு இரவுடையோடு நிற்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. கணக்கை அன்றைக்கே ஆப்பில் பாருங்கள். குடிக்காத பானம், பார்க்காத நிகழ்ச்சி ஏறியிருந்தால் வரவேற்பு மேஜையில் ராத்திரியே சொல்லவேண்டும், காலையில் வரிசை நீளம். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போகவேண்டும் என்பதால் அதையும் பெட்டியிலிருந்து எடுங்கள்.

துறைமுகத்துக்கு வெளியே கால் வைத்த பிறகே விமானப் பயன்முறையை எடுங்கள். கப்பலுக்குள் நிற்கும்போது எடுத்தால் அதன் வலையில் மாட்டலாம். வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜுக்கு ஏஜென்ட் டி.சி.எஸ். (விற்கிறவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டுகிற வரி) பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வருமான வரி ரிட்டர்னில் கட்டவேண்டிய வரியிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம்.