சென்னை – சிங்கப்பூர்: பறக்கும் தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

தம்பியைப் பார்க்க அம்மா முதன்முறையாகச் சிங்கப்பூர் கிளம்பினார். டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11.15, வருகை காலை 6.00. "ஆறே முக்கால் மணி நேரமா? இந்த முட்டி வலியோட எப்படிடா உட்காருவேன்?" என்று கேட்டார். அன்று அம்மாவுக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

1. தூரம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் தூரம் அளப்பதைத் தேர்ந்தெடுத்து, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கிளிக் செய்யுங்கள். சுமார் 2,920 கி.மீ. காட்டும்.

சுவரில் மாட்டிய உலகப்படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக விரித்த படம் அது. வடக்கே போகப் போக அளவு ஏமாற்றும். வீட்டில் குளோப் இருந்தால், இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் மிகக் குறுகிய வழி. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பிடித்துப் பாருங்கள், நூல் வட துருவத்துக்குப் பக்கமாகப் போகும். குழந்தைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

2. வேகம்

ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உச்சியில் மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,920-ஐ 830-ஆல் வகுத்தால் 3.52. புதிதாகப் போடுகிறவர்கள் இதை 3 மணி 52 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 0.52 × 60 = 31. ஆக, 3 மணி 31 நிமிடம்.

3. தரையில் போகும் நேரம்

கேட்டிலிருந்து கிளம்பி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 30 முதல் 45 நிமிடம் சேருங்கள். நாலு, நாலேகால் மணி நேரம் வரும். கேட்டிலிருந்து கேட் வரைக்குமான நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள். விமானி அறிவிக்கும் பறக்கும் நேரம் குறைவாக இருப்பது அதனால்தான்.

காற்றும் கணக்கை மாற்றும். 2016-இல் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தைப் பசிபிக் கடல் வழியாகத் திருப்பியது. தூரம் கூடியது, ஆனால் பின்னாலிருந்து தள்ளிய காற்றால் நேரம் குறைந்தது. எவ்வளவு அழகான விஷயம்! நம் 4 மணி நேரப் பயணத்தில் சில நிமிடங்கள்தான் கூடும், குறையும்.

4. கடிகார வித்தியாசம்

அம்மாவைப் பயமுறுத்தியது இதுதான். டிக்கெட்டில் புறப்பாடு சென்னை நேரம், வருகை சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 6 மணி 45 நிமிடத்திலிருந்து 2 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். நம் கணக்கோடு ஒத்துப்போகிறது, பாருங்கள்.

திரும்பி வரும்போது கூட்ட வேண்டும். அங்கே இரவு 8.30-க்குக் கிளம்பி இங்கே 10.15-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால், ஒன்றே முக்கால் மணியோடு இரண்டரையைச் சேருங்கள். அதே நாலேகால்தான்.

அம்மா தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். இங்கே காலை 6 மணிக்குப் போடும் பிரஷர் மாத்திரைக்கு நேரே, "அங்கே 8.30" என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.