செல்ஃப் எடுக்கலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி மீட்டர வச்சு பாருங்க

வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்ல இருந்து மாமனார் வரைக்கும் எல்லாரும் சொல்றது ஒண்ணு தான், "பேட்டரி போச்சு, மாத்திடு". பல நேரம் போயிருக்கறது பேட்டரியே இல்ல. டெர்மினல் லூசா இருக்கும், இல்லன்னா ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடறப்போ பேட்டரிக்கு கரண்ட் குடுக்கற பார்ட், சார்ஜ் பண்ணாது. நம்ம ஊர் மெக்கானிக் நிறைய பேர் அத இன்னும் டைனமோன்னு தான் சொல்வாங்க. அது போயிருந்தா நீங்க ஆயிரக்கணக்குல காசு குடுத்து புதுசு போட்டாலும் கொஞ்ச நாள்ல அதுவும் இறங்கிடும்.

சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கங்க, பெரிய பிராண்ட் எல்லாம் வேணாம், டிசி வோல்ட் ஒழுங்கா காட்டுனா போதும், 10 ஆம்பியர் அளக்கற ஓட்டை இருக்கானு மட்டும் பாத்துக்கங்க.

மீட்டர எடுக்கறதுக்கு முன்னாடி பானட்ட தொறந்து டெர்மினல பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்து போயிருக்கா? கிளாம்ப கையால திருப்புனா அசையுதா? அப்போ பிரச்சனையே அதுவா கூட இருக்கலாம். கழட்டறப்போ மைனஸ் முதல்ல, மாட்டறப்போ மைனஸ் கடைசில, இத மாத்தி பண்ணா ஸ்பேனர் பாடில பட்டு பொறி பறக்கும். ஆப்ப சோடாவ சுடுதண்ணில கரைச்சு, பேட்டரி செல்லுக்குள்ள போகாம, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு காயவிட்டு மாட்டி மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. மோதிரத்த கழட்டி வச்சிடுங்க. சிகரெட்டும் கிட்ட வேணாம், சார்ஜ் ஆகற பேட்டரில ஹைட்ரஜன் வரும்.

இப்போ மீட்டர டிசி வோல்ட்ல வச்சு, பேட்டரியோட பிளஸ் மைனஸ் ரெண்டு டெர்மினல்லயும் தொட்டு அளக்கலாம். நைட்டு முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பாருங்க, 12.6 வோல்ட் இருந்தா ஃபுல்லு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்கு கீழ போச்சுன்னா கிட்டத்தட்ட காலி. ஓட்டிட்டு வந்த உடனே அளந்தா 13 காட்டும், அத நம்பாதீங்க, ஹெட்லைட்ட ரெண்டு நிமிஷம் போட்டு அணைச்சிட்டு கொஞ்சம் விட்டு பாருங்க. எவ்ளோ சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்துலயே நின்னுச்சுன்னா ஆறு செல்லுல ஒண்ணு அவுட், அந்த பேட்டரி தேறாது.

அடுத்து ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லிட்டு மீட்டர பாருங்க. ஃபுல் சார்ஜ்ல இருக்கற பேட்டரி அப்பவும் 9.6க்கு கீழ இறங்கக்கூடாது, இறங்குனா பேட்டரி வீக். அதுவே வோல்ட் 12லயே நிக்குது, ஆனா டிக்குனு சத்தம் மட்டும் வருதுன்னா கேபிள், சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு கரண்ட்ட விடற சுவிட்ச்), ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் தேடுங்க.

அப்புறம் இன்ஜின ஓடவிட்டு அளங்க, இது தான் முக்கியம், இத தான் யாரும் பாக்கறதில்ல. 13.8ல இருந்து 14.5 வரைக்கும் வந்தா சார்ஜ் ஆகுது. 12ல தொடங்கி மெல்ல குறைஞ்சுட்டே போனா சார்ஜ் ஏறல, பெல்ட், வயரிங், ஆல்டர்னேட்டர்னு பாக்கணும். 15ஐ தாண்டுனா சார்ஜிங் வோல்டேஜ கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் காலி, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்திடும், பல்பும் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். சில புது கார்ல சார்ஜிங்க கம்ப்யூட்டரே கூட்டி குறைக்கும், அதனால 12.8 காட்டுனா பயப்படாதீங்க, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு திரும்ப பாருங்க. ஓடற வண்டில பேட்டரி வயர கழட்டி "டைனமோ வேலை செய்யுதா பாரு"ன்னு யாராவது டெஸ்ட் பண்ண வந்தா தயவுசெஞ்சு விடாதீங்க, வோல்டேஜ் எகிறி இசியூ, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர், போயிடும், அதுக்கு பத்து பேட்டரி வாங்கலாம்.

பைக்குக்கும் இதே கணக்கு தான், ஆனா ஆல்டர்னேட்டருக்கு பதிலா கரண்ட் தயாரிக்கற மேக்னெட் காயிலும், அத டிசியா மாத்தி கட்டுப்படுத்தற ஆர்ஆர் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட்டும். காயில்ல இருந்து மூணு வயர் வர்ற வண்டினா அந்த சாக்கெட்ட கழட்டிட்டு, இன்ஜின ஓடவிட்டு, மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ரெண்டு ரெண்டு வயரா அளங்க, மூணும் ஒரே அளவுல வந்து ஆக்சிலரேட்டருக்கு ஏத்த மாதிரி ஏறணும். காயில் ஓகே, பேட்டரில மட்டும் ஏறலன்னா ஆர்ஆர், இல்லன்னா உருகிப்போன சாக்கெட்.

எல்லாம் சரியா இருந்தும் ரெண்டு நாள் நிறுத்துனா இறங்கிடுதா? ஏதோ ஒண்ணு கரண்ட்ட குடிக்குது. மைனஸ் வயர கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டர 10 ஆம்பியர்ல போட்டு கதவ பூட்டிட்டு அரை மணி நேரம் விடுங்க, 50 மில்லிஆம்பியருக்குள்ள வந்துடணும். வரலன்னா ஃபியூஸ ஒண்ணொண்ணா உருவுங்க, எத உருவுனதும் குறையுதோ அந்த லைன் தான், பெரும்பாலும் வெளில மாட்டுன டேஷ்கேமோ மியூசிக் சிஸ்டமோ ஜிபிஎஸ்ஸோ. இப்படி மீட்டர் மாட்டியிருக்கறப்போ மட்டும் செல்ஃப் அடிச்சிடாதீங்க.

சென்னை வெயில்ல பேட்டரி சீக்கிரம் போறது சகஜம், சூட்டுல தண்ணி வத்தும், உள்ள தகடு அரிக்கும். மூடி உள்ள பேட்டரினா ஏப்ரல் மே மாசத்துல அடிக்கடி பாத்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, கேன் தண்ணி, ஆர்ஓ தண்ணி எல்லாம் வேணாம். தினமும் வீட்ல இருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் ஓட்டறீங்கன்னா செல்ஃப் அடிச்ச சார்ஜே திரும்ப ஏறாது, வாரத்துல ஒரு நாள் ஈசிஆர் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.

இவ்ளோவும் பாத்து பேட்டரி தான்னு தெரிஞ்சா வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோடு, இல்லன்னா பக்கத்து கடை, எங்க வேணா வாங்குங்க. பழசுக்கு எக்ஸ்சேஞ்ச்ல கழிப்பாங்க, கேளுங்க. தயாரிச்ச மாசம் பழசா இருக்கானு பாருங்க, வாரண்டி கார்டுல சீல் வாங்கிட்டு, அங்கயே இன்ஜின ஓடவிட்டு இன்னொரு தடவ மீட்டர வச்சு பாத்துட்டு காசு குடுங்க.