இலவசத் தளம் மூடப்படும்போது ஆர்வலர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ன தேதியோடு சேவை நிறுத்தப்படுகிறது என்ற இரண்டு வரி மின்னஞ்சல் வந்ததும், ஒரு பொழுதுபோக்குக் குழு முதலில் இறங்குவது அடுத்து எங்கே போவது என்ற விவாதத்தில்தான். மும்பை வட்டாரத்தின் முலுண்ட், டோம்பிவிலி, கல்யாண் பகுதிகளில் வாழும் தமிழ் ரயில் ஆர்வலர்கள் சிலர் பல ஆண்டுகளாக எழுதிவந்த இலவச இணைய விவாத மன்றத்துக்கு அப்படியோர் அறிவிப்பு வந்தபோதும், கிடைத்த அவகாசத்தின் பெரும்பகுதி இந்த விவாதத்திலேயே கரைந்தது. புதிய இடத்தை ஆறு மாதம் கழித்தும் தேடிக்கொள்ளலாம். பழைய இடத்தில் இருப்பதை மூடிய மறுநாள் எவராலும் எடுக்க முடியாது. முதலில் நகல், பிறகுதான் குடிபெயர்வு. இந்த வரிசை தலைகீழாவதிலிருந்தே மற்றத் தவறுகளில் பாதி பிறக்கின்றன.

அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியை அப்படியே கடைசி நாளாக எடுத்துக்கொள்வதும் தவறு. மின்னஞ்சல் குழுக்களுக்கான தளமான யாஹூ குரூப்ஸ் 2019 அக்டோபர் நடுவில் தன் முடிவை அறிவித்தது. அதே மாதம் 28ஆம் தேதியோடு புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் போயிற்று. பழைய உள்ளடக்கத்தை அழிப்பதற்கு டிசம்பர் 14 என்று நாள் குறிக்கப்பட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு தரவைக் கேட்டுப் பெறுவதற்கான அவகாசம் 2020 ஜனவரி 31 வரை நீண்டது என்றாலும், அத்தகைய கருணையை எல்லா நிறுவனங்களிடமும் எதிர்பார்க்க இயலாது. சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 ஜூன் 30 அன்று அறிவித்து செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. இலவச இணையப் பக்கங்களைத் தந்த ஜியோசிட்டீஸுக்குக் கிடைத்தது 2009 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இத்தகைய தளங்களில் கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவிறக்க முயல்வதால் சர்வர் திணறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, அறிவித்த தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே வேலை முடிந்துவிட வேண்டும் என்று குழு தனக்கொரு தேதியை வைத்துக்கொள்வது நல்லது.

எதை எடுப்பது என்பதில் நேரும் தவறு இன்னும் ஆழமானது. "நல்ல படங்களை மட்டும் இறக்கிக்கொள்வோம், அரட்டை எதற்கு" என்று யாராவது சொல்வார், பலரும் தலையாட்டுவார்கள். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியதில் தொடங்கிய 1,500 வோல்ட் நேர்மின் காலம், மும்பைப் புறநகர்த் தடங்கள் மாறுமின்னுக்கு மாறியதால் 2016 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்து இன்ஜின்களை ஓடும் நிலையில் எடுத்த படங்கள் இனி எடுக்கவே முடியாதவை என்பது உண்மைதான். ஆனால் 1961இல் சித்தரஞ்சனில் உருவாகத் தொடங்கிய டபிள்யூசிஎம்-5 வகை இன்ஜின் ஒன்றின் படத்தை ஒருவர் தவறான ஆண்டோடு இட, ஓய்வுபெற்ற மோட்டார்மேன் ஒருவர் பின்னணியில் தெரியும் மின்கம்பி அமைப்பைச் சுட்டிக்காட்டித் திருத்த, மூன்றாமவர் தம் நாட்குறிப்பைப் பார்த்து அதை உறுதிசெய்ய, இப்படி வளர்ந்த திரி, அதாவது அந்தப் பதிவும் அதற்கு வந்த பதில்களும் முழுவதும் சேர்ந்தால்தான் அந்தப் படத்துக்குச் சாட்சியம் கிடைக்கிறது. திரியை விட்டுப் படத்தை மட்டும் எடுத்தால், தவறான ஆண்டு படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். திருத்தம் தளத்தோடு போய்விடும்.

எழுத்தை எடுத்துவிட்டுப் படங்கள் தாமாக வரும் என்று நம்புவதும் உண்டு. பழைய மன்றங்களில் பெரும்பாலான படங்கள் மன்றத்தின் சர்வரிலேயே இருப்பதில்லை. வேறொரு படத்தளத்தில் ஏற்றி, அதன் சுட்டியை மட்டும் பதிவில் ஒட்டியிருப்பார்கள். 2017 ஜூன் இறுதியில் போட்டோபக்கெட் நிறுவனம், பிற தளங்களில் படங்களைக் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது, உலகெங்கும் எத்தனையோ மன்றங்களின் திரிகளில் படம் இருந்த இடத்தில் கட்டண அறிவிப்பு வந்து அமர்ந்தது. ஆகவே நகலெடுக்கும் மென்பொருளை வெளித்தளப் படங்களையும் சேர்த்து எடுக்கும்படி தனியே அமைக்க வேண்டும். சிறு முன்னோட்டப் படம் மட்டும் வந்திருக்கிறதா, அதன் பின்னுள்ள முழுப் படமும் வந்திருக்கிறதா என்று பத்துப் பதினைந்து திரிகளையாவது திறந்து பார்க்க வேண்டும். பிஎச்பிபிபி போன்ற மென்பொருளில் இயங்கும் மன்றமாக இருந்து, நிறுவனம் கோப்புகளையும் டேட்டாபேஸையும் தரச் சம்மதித்தாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பதிவுகளோடு இணைத்த கோப்புகள் இருக்கும் கோப்புறையில் படங்கள் தம் சொந்தப் பெயரில் இருக்கமாட்டா. நீளமான எழுத்துக் கோவையாக, பின்னொட்டுகூட இல்லாமல் கிடக்கும். எது எந்தப் படம் என்ற விவரம் டேட்டாபேஸின் ஓர் அட்டவணையில்தான் உள்ளது. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டவர் கையில் மிஞ்சுவது பெயரில்லாத கோப்புகளின் குவியல் மட்டுமே.

தமிழில் எழுதும் குழுக்களுக்கென்றே ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகள் பொதுவாக இதைச் சொல்வதில்லை. பழைய திரிகள் சில, யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழை எழுதப் பயன்பட்ட டிஸ்கி குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை) எழுதப்பட்டவையாக இருக்கலாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் புதிய தளத்தில் ஏற்றினால் உரை முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். யூனிகோடில் எழுதியவையும் முற்றிலும் பத்திரமானவை அல்ல. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், ஏற்றுமதி செய்யும்போது டேட்டாபேஸின் குறியேற்றத்தை லத்தீன் என்று தவறாகக் குறித்துவிட்டால், அந்தக் குறி ஒவ்வொன்றும் மூன்று அந்நியக் குறிகளாக உடைந்துவிடும். இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றுண்டு: மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய யூடிஎஃப்-8 வகை மூன்று பைட் வரைதான் தாங்கும், ஸ்மைலிப் படக்குறிகளோ நான்கு பைட், ஆகவே இறக்குமதியின்போது சில அமைப்புகளில் ஒரு பதிவு அதன் முதல் ஸ்மைலி வரும் இடத்தோடு வெட்டுண்டு நின்றுவிடும். தமிழ் நன்றாகவே தெரிவதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நீளமான பதிவுகள் சிலவற்றின் கடைசி வரியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும்.

டேட்டாபேஸைத் தர மறுக்கும் இலவச நிறுவனங்களே அதிகம் என்பதால், எச்டிடிராக் போன்ற கருவியைக் கொண்டு பக்கம் பக்கமாக நகலெடுக்க வேண்டியிருக்கும். உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும் பகுதிகளுக்காக உள்நுழைந்த நிலையில் அதை ஓடவிடுபவர்கள், வெளியேறும் சுட்டியை விலக்கிவைக்க மறந்துவிடுகிறார்கள். கருவி எல்லாச் சுட்டிகளையும் அழுத்திப் பார்ப்பதுபோல் அதையும் அழுத்தி வெளியே வந்துவிடும். அதன் பிறகு இரவு முழுவதும் அது சேமிப்பது "உள்நுழையவும்" என்ற பக்கத்தின் நகல்களைத்தான். இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கும் என்று இருந்துவிடுவதும் சரியல்ல. அது பொதுவில் தெரிவதை மட்டுமே, அதுவும் தன் வசதிப்படிதான் சேமிக்கிறது.

எடுத்த நகலை ஒரே ஹார்டு டிஸ்கில், அதுவும் ஒருவர் வீட்டில் வைப்பது பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்த ஊர் இது. மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் சாலையில் இரண்டு டிஸ்குகள் வாங்கி, ஒன்றைக் கல்யாணிலும் மற்றொன்றை மாட்டுங்காவிலுமாகப் பிரித்து வைத்தால் போதும்.

"வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற முடிவு செலவில்லாதது என்பதால் எளிதில் வென்றுவிடுகிறது. உரையாடலுக்கு அது தாராளமாகப் போதும், நினைவகமாக ஆகாது. சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த தேதி உள்ளிட்ட உள்விவரங்களையும் அது நீக்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால்தான் மூலப்படம் அப்படியே போகும். ரயில் படத்துக்குத் தேதிதான் பாதி மதிப்பு. தவிரவும் 2008இல் நடந்த ஒரு விவாதத்தைத் தேடுபொறி வழியாக வந்து படிக்கும் திருநெல்வேலி மாணவருக்கு அந்தக் குழுவின் கதவு இருப்பதே தெரியாது.

சொந்தச் செலவில் புதிய இடம் பிடிக்கும் குழுக்கள், எல்லாவற்றையும் ஆர்வமிக்க ஒருவர் தலையில் கட்டிவிடுகின்றன. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) அவர் பெயரில், கடவுச்சொல் அவர் மனத்தில், கட்டணம் அவர் கார்டில். 2021 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளால், தானாகக் கழியும் கார்டு கட்டணங்களுக்கு முன்கூட்டிய பதிவும் கூடுதல் உறுதிப்படுத்தலும் தேவைப்படுகின்றன. அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனத்திடம் இடம் எடுத்திருந்தால் புதுப்பித்தல் தானாக நடக்காது, நினைவூட்டும் மின்னஞ்சலோ விளம்பரங்களுக்கிடையே புதைந்துவிடும். காசு தீர்ந்ததால் மூடியவற்றைவிட, காசு இருந்தும் கட்டத் தவறியதால் மூடியவையே அதிகம் என்பது என் எண்ணம். குறைந்தது மூவரிடம் நிர்வாக உரிமையும், டொமைன் எங்கே பதிவாகியுள்ளது, எப்போது காலாவதியாகிறது என்ற குறிப்பும் இருக்கட்டும்.

உறுப்பினர்களை மறந்துவிட்டுத் தளத்தை மட்டும் மாற்றுவது மற்றொன்று. பழைய கடவுச்சொற்கள் புதிய மென்பொருளில் செல்லாமல் போகலாம். மீட்டமைக்கும் சுட்டி போவது பதினைந்து ஆண்டுக்கு முன் கொடுத்த, இன்று திறக்கவே திறக்காத மின்னஞ்சலுக்கு. பழைய இடம் உயிரோடு இருக்கும்போதே அனைவரும் தம் மின்னஞ்சலைப் புதுப்பிக்கும்படி முகப்பில் அறிவிப்பு வைப்பது ஒன்றே வழி. அத்துடன், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. மன்றத்தில் இட்டதால் அது குழுவின் சொத்தாகிவிடாது. புதிய இடத்தில் மீண்டும் வெளியிடச் சம்மதமா என்று கேட்பதும், வேண்டாம் என்பவர் படங்களை விலக்குவதும், மறைந்துவிட்ட உறுப்பினர்களின் குடும்பத்தாரை அழைத்துப் பேசுவதும் மன்றத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்களின் பொறுப்பு. தனிமடல்களைப் பொது நகலில் சேர்க்கவே கூடாது.

கடைசியாக, பழைய முகவரியில் புதிய முகவரியைச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். பதிவிட அனுமதி நிறுத்தப்படும் நாளுக்கு முன்பே, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் புதிய முகவரியோடு ஓர் அறிவிப்பை நிலைநிறுத்தி, அந்தப் பக்கங்களை ஆர்க்கைவின் சேமிப்பு வசதியில் கையால் ஒவ்வொன்றாகப் பதிந்துவைத்தால், வேறு தளங்களில் சிதறிக் கிடக்கும் பழைய சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு அங்கே தேடி வருபவர்களில் சிலராவது குழுவைக் கண்டுகொள்வார்கள்.