பர்பனை ராவாகக் குடிக்கப் பழகுவது எப்படி

ராவாக அடிப்பது என்றாலே ஏதோ வீரச் செயல் மாதிரிதான் பேச்சு. ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, முகத்தைச் சுளித்து, அவசரமாக ஊறுகாயைத் தேடுவது. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை அப்படிக் குடித்தால் தொண்டை எரிந்தது மட்டும்தான் மிச்சம். தண்ணீர், ஐஸ், சோடா எதுவும் சேர்க்காமல் 30 மி.லி.யை அரை மணி நேரம் வைத்துக் குடிக்கத் தெரிவதுதான் இங்கே பழக வேண்டியது.

அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அது சுவையே அல்ல. மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. சாதாரணமாக 42 டிகிரி சூட்டுக்குத்தான் அது விழிக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடும். வாய்க்குள் இருக்கும் சூடே அதைவிட அதிகம். ஆக, உங்கள் உடம்புச் சூடுதான் உங்களைச் சுடுகிறது. சிக்கன் 65 தின்ற வாயோடு குடித்தால் எரிச்சல் ஏன் கூடுகிறது என்பதும் இதிலேயே புரிந்துவிடும். தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் உப்பு, காரம் போடாத வறுத்த முந்திரியோ வெறும் பிரெட்டோ போதும். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும்; தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும்; உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும்; நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. மிச்ச தானியம் என்ன என்பதுதான் குடிப்பவர் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான பர்பன்களில் ரை என்ற தானியம் சேரும். அது மிளகு மாதிரி ஒரு சுள்ளென்ற தன்மையைத் தரும். ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தால் மென்மையாக, சற்றே இனிப்பாக இருக்கும். மேக்கர்ஸ் மார்க் அந்த வகை, 45%. முதல் பாட்டிலுக்கு இதுவோ, ரை குறைவாகச் சேரும் பஃபலோ டிரேஸோ சரியாக இருக்கும். இதுவும் 45%தான்.

லேபிளில் ‘புரூஃப்’ என்று போட்டிருந்தால் அதைப் பாதியாக்குங்கள், ஆல்கஹால் சதவீதம் கிடைத்துவிடும். வைல்ட் டர்க்கி 101 என்றால் 50.5%. ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்று இருந்தால் அது 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்தது: ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம் பீப்பாயில், சரியாக 50%. நம்பிக்கையான சரக்குதான், ஆனால் இரண்டாவது பாட்டிலாக வாங்குங்கள். தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே அடைக்கும் ‘பேரல் புரூஃப்’ வகை 60% தாண்டியும் போகும். முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கிளாஸ் அடியில் அகன்று வாயில் குறுகியிருக்க வேண்டும். கிளென்கேர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். குட்டையான ஷாட் கிளாஸ் மட்டும் கூடாது, அதில் மணம் தங்காது. வெயில் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஊற்றியவுடன் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பாட்டிலைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அடங்கிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் நெடியோடு மணமும் செத்துவிடும்.

30 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடியே முகருங்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்தால் மூக்கு மரத்துவிடும். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது. நெடிக்குப் பின்னால் வனிலாவும் பாகு காய்ச்சும் வாசமும் வரும். பீப்பாய் மரத்தைச் சுடும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து, வனிலா மணம் தரும் வனிலின் ஆகிறது, மரச் சர்க்கரை கருகிப் பாகு மணம் தருகிறது. கிராம்பு வாசம் அடித்தால் அது பிரமை அல்ல. கிராம்பில் உள்ள யூஜெனால் என்ற அதே மணப்பொருள் ஓக் மரத்திலும் உண்டு.

முதல் மடக்கு கால் டீஸ்பூன் அளவு இருந்தால் போதும். அது வாயைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்து நல்லது கெட்டது சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, அரை டீஸ்பூன் எடுங்கள். அதை உடனே விழுங்காமல், மெல்லுவதுபோல் வாய் முழுக்கப் புரட்டுங்கள். ஜிம் பீம் பர்பன் தயாரிக்கும் குடும்பத்து புக்கர் நோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கென்டக்கி மெல்லல்’ இதுதான். ஐந்து வினாடியில் உமிழ்நீர் ஊறி, சரக்கைத் தானே நீர்க்கச் செய்துவிடும். விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை மெதுவாக விடுங்கள். சுவையில் பெரும்பங்கு அந்த மூச்சில்தான் தெரியும். விழுங்கிய கையோடு வாயால் மூச்சை இழுத்தால் ஆவி தொண்டையில் அடித்து இருமல் வரும். ‘எனக்கு ரா ஒத்துக்கவில்லை’ என்பவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை இந்த ஒன்றுதான்.

அப்படியும் எரிந்தால் தண்ணீர் சேருங்கள், அதில் மானக்கேடு எதுவும் இல்லை. 45% சரக்கு 30 மி.லி.யில் 10 மி.லி. தண்ணீர் கலந்தால் சுமார் 34% ஆகும், 5 மி.லி. என்றால் 38.6%; அரை டீஸ்பூன் என்றால் 41.5%. இங்கே விற்கும் விஸ்கி பெரும்பாலும் 42.8% என்பதால், கடைசி அளவான அரை டீஸ்பூனுக்கு வந்துவிட்டால் ராவுக்கும் உங்களுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. ஒவ்வொரு அளவிலும் மூன்று நான்கு தடவை குடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், தினமும் அல்ல, நாள் விட்டு. தண்ணீரை ஊற்றாமல் சிரிஞ்சால் அளந்து விடுங்கள். கண்ணளவு எப்போதும் கூடத்தான் போகும்.

ராவுக்கு வந்த பிறகு ஒரு நாள் கோதுமைப் பர்பன் ஒன்றையும், ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் மாதிரி ரை தூக்கலான ஒன்றையும் 15 மி.லி. வீதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். தனித்தனியாக ஒரு பாட்டில் முடித்தாலும் பிடிபடாத வித்தியாசம் இந்த இரண்டு கிளாஸில் பிடிபடும். 60 மி.லி. தாண்டினால் நாக்கு மழுங்கிவிடும், அதற்கு மேல் பழகுவதற்கு ஒன்றுமில்லை. வண்டிச் சாவி அன்றைக்கு வேறொருவரிடம் இருக்கட்டும்.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்து வைத்தால் கார்க் ஊறிக் கெட்டுப்போகும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டால் காற்றுப் பட்டுச் சுவை சப்பென்று ஆகத் தொடங்கும். மிச்சத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு விளிம்பு வரை நிரப்பி மாற்றிவிடுங்கள்.