லேஅவுட் மதிப்புகளை நிரல் கோடிலிருந்து படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, சீசனுக்கு முன் தன் எடைச்சீட்டுத் திரையில் 'காலி எடை' என்று இன்னொரு கட்டம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரை ஜாவாவின் ஜன்னல் கருவித்தொகுப்பான ஸ்விங்கில், கட்டங்களை வரிசை, நெடுவரிசையாக அடுக்கும் கிரிட்பேக்லேஅவுட்டில் எழுதியது. பக்கத்துக் கட்டத்தின் மதிப்புகளைக் கோடில் பார்த்து அப்படியே போட்டால் போதும் என்று தோன்றும். பெரும்பாலும் அங்கேதான் திரை கோணிக்கொள்கிறது.

காரணம், கட்டத்தைத் திரையில் சேர்க்கும் 'ஆட்' வரிக்கு மேலே இருக்கும் நாலு வரியை மட்டும் படிப்பது. கிரிட்பேக்கில் கட்டத்தின் இடம், அளவு மதிப்புகளைத் தாங்கும் ஒரே ஜிபிசி (கிரிட்பேக்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்) ஆப்ஜெக்டை எல்லாக் கட்டங்களுக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே பலரின் வழக்கம். ஒவ்வொரு முறை ஆட் செய்யும்போதும் லேஅவுட் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஆப்ஜெக்டில் இருக்கும் மதிப்புகள் தாமாக அழியாது. 'ரகம்' லேபிளுக்கு வெயிட்எக்ஸ், அதாவது மிச்ச அகலத்தில் பங்கு கேட்கும் எடை, 0. அதன் டெக்ஸ்ட் கட்டத்துக்கு 1.0, ஃபில் ஹாரிசான்டல் (கிடைத்த அகலம் முழுதும் நிரப்பு). அடுத்த வரிசையில் 'லாரி எண்' லேபிளுக்கு கிரிட்எக்ஸ் (நெடுவரிசை எண்) 0, கிரிட்ஒய் (வரிசை எண்) 1 என்று மட்டும் எழுதியிருக்கும். படிப்பவர் வெயிட்எக்ஸ் 0 என்று குறித்துக்கொள்வார். உண்மையில் அங்கே ஓடுவது 1.0. ஒரு நெடுவரிசையின் எடை, அதிலுள்ள கட்டங்களின் வெயிட்எக்ஸில் மிகப் பெரியது. ஆகவே அந்த ஒரு லேபிளால் முழு லேபிள் நெடுவரிசையும் 1.0 ஆகிவிடும், ஜன்னலை 300 பிக்சல் அகலப்படுத்தினால் 150 லேபிள் பக்கமே போய்விடும்.

இதைக் கண்ணால் தேடுவதைவிட இயக்கிப் பார்ப்பது மேல். திரை தோன்றிய பிறகு லேஅவுட்டின் கெட்கன்ஸ்ட்ரெயின்ட்ஸை அந்தக் கட்டத்துக்குக் கூப்பிட்டு அச்சிடுங்கள். கெட்லேஅவுட்வெயிட்ஸ் ஒவ்வொரு நெடுவரிசையின் எடையையும் தரும். புதிதாக எழுதுவதாயிருந்தால் ஜிபிசியை உருவாக்கும்போதே 11 மதிப்புகளையும் கேட்கும் கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்தலாம். படிக்கக் கண்ணைக் கட்டும்தான், ஆனால் முந்தைய வரியின் மிச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது.

இன்னொன்றையும் இதனோடு குழப்பிக்கொள்வார்கள். ஜன்னல் கொஞ்சம் சுருங்கியதும் டெக்ஸ்ட் கட்டம் ஒரு கோடாக ஒடுங்கிவிடும். மதிப்பைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று தேடுவார்கள். தேவையான அகலம் கிடைக்காவிட்டால் கிரிட்பேக் குறைந்தபட்ச அளவுக்குத் தாவிவிடும், அவ்வளவுதான். டெக்ஸ்ட் கட்டத்துக்கு வெயிட்எக்ஸும் ஃபில்லும் கொடுத்துவிட்டால் சரியாகும்.

எழுதாத மதிப்பைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. கிரிட்எக்ஸ் எழுதாவிட்டால் அது -1, அதாவது ரிலேட்டிவ்: கடைசியாகச் சேர்த்த கட்டத்துக்கு அடுத்த இடம். அதே -1 கிரிட்வித்தில் (கட்டம் எத்தனை நெடுவரிசை பிடிக்கும் என்பது) வந்தால் அர்த்தம் வேறு, வரிசையின் கடைசிக்கு முந்தைய செல்வரை. கிரிட்வித் 0 என்றால் அகலமே இல்லை என்பதல்ல. வரிசை முடியும்வரை என்று பொருள். எழுதாவிட்டால் 1.

கட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் விடும் இடைவெளியில், எண்களை எழுதும் வரிசை கருவிக்குக் கருவி மாறுகிறது. ஜாவாவின் இன்செட்ஸ் மேல், இடது, கீழ், வலது. வலைப்பக்கங்களின் சிஎஸ்எஸ் மார்ஜின் மேல், வலது, கீழ், இடது. ஜன்னல் எழுதும் இன்னொரு கருவியான க்யூட்டியின் செட்கன்டென்ட்ஸ்மார்ஜின்ஸ் இடதில் தொடங்கும்: இடது, மேல், வலது, கீழ். இடத்தைச் சொல்லும்போதும் இப்படித்தான்: க்யூட்டி கிரிட்டில் முதலில் வரிசை, பிறகு நெடுவரிசை. ஜாவாவின் இன்னொரு லேஅவுட்டான மிக்லேஅவுட்டின் 'செல்' அதற்கு நேர்மாறு. நாலு பக்க இடைவெளியும் 5 என்றிருக்கும் திரையில் இந்த வரிசைப் பிழை வெளியே தெரியாது, அதனாலேயே வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஜாவா எழுதும் எடிட்டரான நெட்பீன்ஸில் கேள்வியே வேறு: எந்த ஃபைலைப் படிக்கிறீர்கள்? திரையை இழுத்து அமைக்கும் அதன் டிசைனர் ஜாவா கோடைப் படித்து ஜன்னலை வரைவதில்லை. பக்கத்திலிருக்கும் .ஃபார்ம் ஃபைல்தான் மூலம். திரையைக் கட்டும் இனிட்காம்பொனன்ட்ஸ் என்ற ஜாவா பகுதி அதிலிருந்து பிறப்பது. வெளி எடிட்டரில் அந்த ஜாவா பகுதியில் ஒரு கட்டத்தின் அகலம் 150ஐ 200 ஆக்கினால், அடுத்த முறை டிசைனரில் மாற்றிச் சேமிக்கும்போது 150 திரும்பி வந்து நிற்கும். குழு கோடைப் பகிர்ந்துகொள்ளும் கிட்டில் ஜாவா ஃபைலை மட்டும் ஏற்றி .ஃபார்மை விட்டுவிட்டால், எடுப்பவருக்கு டிசைன் பட்டனே வராது. ஓசூர், தருமபுரி என்று ஆள் ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து வேலை செய்யும் குழுக்களில் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நெட்பீன்ஸ் எழுதும் குரூப்லேஅவுட் வரிகளில் ஒரு கட்டத்துக்கு மூன்று எண்கள் இருக்கும்: குறைந்தபட்சம், விரும்பும் அளவு, அதிகபட்சம். -2 என்றால் விரும்பும் அளவே, -1 என்றால் இயல்பு அளவு. ஜாவாவின் 'ஷார்ட்' எண்வகையின் உச்ச மதிப்பான 32767ஐப் பிக்சல் என்று படிக்காதீர்கள். எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம் என்பதே அதன் பொருள். ஒரே கட்டம் இரண்டு இடத்தில் வரும்: கிடைமட்டக் குழுவில் உள்ளது அகலம், செங்குத்துக் குழுவில் உள்ளது உயரம்.

எக்லிப்ஸ் என்ற எடிட்டரின் டிசைனரான விண்டோபில்டர் இதற்கு மாறாக ஜாவா கோடையே படிக்கிறது. அதில் மதிப்புகளை நேரடி எண்ணாக எழுதுவது உத்தமம். கன்ஸ்ட்ரக்டருக்கு வெளியிலிருந்து வரும் எண்ணை இடைவெளியாகப் போட்டால், இயங்கும்போது என்ன வரும் என்பதை டிசைனரால் அறிய முடியாது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில், டிசைனர் எழுதும் இனிஷியலைஸ்காம்பொனன்டுக்குள் லூப்போ இஃப்போ எழுதினால் டிசைனர் திறக்கவே மறுக்கலாம். அவற்றைக் கன்ஸ்ட்ரக்டரில், அந்த அழைப்புக்குக் கீழே வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் எக்ஸ்எம்எல்லில் 16டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவு) என்று பார்த்த மார்ஜினை கோடில் கன்ஸ்ட்ரெயின்ட்செட்டின் செட்மார்ஜினுக்கு வெறும் 16 என்று கொடுத்துவிடுவார்கள். அது பிக்சல் கேட்கிறது. 480 டிபிஐ திரையில் 16டிபி என்பது 48 பிக்சல். எக்ஸ்எம்எல்லில் 'டூல்ஸ்' என்று தொடங்கும் மதிப்புகள் எடிட்டரின் முன்னோட்டத்துக்கு மட்டும். போனில் ஓடும்போது அவை இருக்கவே இருக்காது.