வழக்கறிஞரிடம் சொன்ன இரகசியம் யாருக்குச் சொந்தம்?

பிரைவேட் லிமிடெட் இயக்குநரோ கூட்டுறவுச் சங்கச் செயலாளரோ வழக்கறிஞர் முன் உட்கார்ந்ததும் “இவர் என் வழக்கறிஞர்” என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சட்ட ஆலோசனைக்காக வழக்கறிஞரிடம் இரகசியமாகப் பேசியதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் காக்கச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் வழக்கறிஞரை அமர்த்தியது நிறுவனம் என்றால் அந்த இரகசியமும் நிறுவனத்துடையதே. சிங்கப்பூர்த் தேக்காவில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையானாலும், கம்பெனியாகப் பதிந்திருந்தால் இதுதான் நிலை. நாளை நிர்வாகம் மாறினால், அந்த இரகசியத்தைக் காப்பதா விட்டுக்கொடுப்பதா என்பதைப் புதிய நிர்வாகம் முடிவு செய்யும். நிறுவனம் கலைக்கப்பட்டால் முடிவு கலைப்பாளர் கையில். எனவே “நமக்குள் இருக்கட்டும்” என்று சொந்தத் தவற்றை நிறுவன வழக்கறிஞரிடம் கொட்டாதீர்கள். உங்கள் தலைக்கே ஆபத்து வரலாம் என்று தோன்றினால் தனி வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்தது ஃபார்வர்டு. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். “ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு நமக்குப் பாதகம், சமரசம் பேசுவது நல்லது” என்று வழக்கறிஞரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. மேலாளர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சப்ளையரும் காப்புறுதி முகவரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டத்தின் 128ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, இரகசியமாக வைத்திருக்கும் தகவலுக்குத்தான். வெளியாளிடம் போன பிறகு அது இரகசியம் என்று நீதிமன்றத்தில் வாதாடுவது கடினம். வழக்கறிஞருடன் பேச இருவர் அல்லது மூவரை எழுத்தில் நியமியுங்கள். மற்றவர்களுக்கு முடிவை மட்டும் சொன்னால் போதும். தணிக்கையாளர் கேட்டால், கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் பேசி, எந்த நோக்கத்துக்காக மட்டும் கொடுக்கிறீர்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

கூட்டக் குறிப்பிலும் கவனம் வேண்டும். வழக்கறிஞர் சொன்னதை வரிக்கு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். “சட்ட ஆலோசனை பெறப்பட்டு விவாதிக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதி, விவரத்தைத் தனி இணைப்பாகப் பூட்டி வையுங்கள்.

தாளின் மேல் ‘இரகசியம்’ என்று அச்சடிப்பதாலோ, வழக்கறிஞரை ‘சிசி’யில் சேர்ப்பதாலோ பாதுகாப்பு வந்துவிடாது. ஏற்கெனவே இருக்கும் ரசீதையும் ஒப்பந்தத்தையும் அவரிடம் கொடுத்துவைத்தாலும் அவை மறைந்துவிடாது. நிறுவனத்திலேயே சம்பளத்துக்கு வேலை செய்யும் சட்ட ஆலோசகருக்கு அதே சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 128ஏ பிரிவு இந்தப் பாதுகாப்பைத் தரும். ஆனால் அவரிடம் கேட்பது சட்ட ஆலோசனையாக இருக்க வேண்டும். “இந்த விலைக்கு வாங்கலாமா?” என்பது வியாபாரக் கேள்வி. இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கலக்காதீர்கள்.

மோசடி நடந்ததாகச் சந்தேகம் வந்தால், கணக்காய்வாளரை முதலில் அழைத்துவிட்டு வழக்கறிஞரைப் பிறகு தேடுவதும் தவறு. பீர் தயாரிப்பு நிறுவனமான ஏஷியா பசிபிக் புரூவரிஸ் மீது வங்கிகள் தொடுத்த வழக்கில், கணக்காய்வு நிறுவனத்தின் வரைவு அறிக்கைகளை வங்கிகள் கேட்டன. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. பார்த்தது இரண்டு விஷயம்: வழக்கு வருவதற்கு நியாயமான வாய்ப்பு இருந்ததா, அறிக்கையின் முதன்மை நோக்கம் அந்த வழக்குதானா. ஆகவே எதற்காக அறிக்கை கேட்கிறோம் என்பதை வழக்கறிஞர் மூலமாக, முதல் நாளே கடிதத்தில் எழுதச் செய்யுங்கள். வழக்கு வந்தபின் எழுதிச் சேர்க்கும் காரணம் எடுபடாது.

ஒன்றை மட்டும் எந்தக் கடிதமும் காப்பாற்றாது. பழைய தேதியிட்டுப் போலி ரசீது தயாரிக்க வழி கேட்டால், சட்டவிரோத நோக்கத்துக்கான அந்தப் பேச்சுக்கு 128ஆம் பிரிவில் இடமே இல்லை.