பவர்பாயிண்ட் பாடத்தில் ஒலி: எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி சேர்ப்பது எப்படி?

நீர்ச் சுழற்சிக்கு ஒரு ஸ்லைடு. கடல், மேகம், மலை, நான்கு அம்புக்குறி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொல். பார்வைத்திறன் குறைந்த பிள்ளைக்கு அந்தப் படம் இருந்தும் இல்லாததுதான். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை ‘ஆவி சுருங்குதல்’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளை அந்தச் சொல்லை இரண்டு முறை நிதானமாகக் கேட்டால்தான் வாயில் வரும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கோ ஒலி மட்டும் போதவே போதாது. எந்தப் பதிவு யாருக்காக என்று முடிவு செய்த பிறகே மைக்கைத் தொடுங்கள். இது சலுகை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

என்ன பேசுவது?

ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே வாசித்துப் பதிவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கண் ஒரு வேகத்தில் ஓடும், குரல் வேறு வேகத்தில் போகும், கவனம் இரண்டுக்கும் நடுவில் சிதறும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைத் தனி விதியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கும், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் எழுத்து வேண்டும். அதனால் ஸ்லைடில் முக்கியச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் வையுங்கள், விளக்கத்தைக் குரல் சொல்லட்டும். குரல் சொல்வது முழுவதையும் ஒரு தாளில் அச்சிட்டு, வகுப்பு தொடங்கும் முன்பே தேவைப்படும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுங்கள். பதிவை எழுதி வைத்துப் பேசினால் அந்தத் தாள் தானாகவே தயாராகிவிடும்.

படத்தை விளக்கும்போது ‘இங்கே பாருங்கள், இதுதான் ஆவியாதல்’ என்று பதிந்தால் பார்க்க முடியாத பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காது. இப்படிச் சொல்லலாம்: ‘படத்தின் இடது ஓரத்தில், கீழே கடல். கடலிலிருந்து ஓர் அம்புக்குறி நேராக மேலே, மேகத்துக்குப் போகிறது. அதன் பெயர் ஆவியாதல்.’ முதலில் இடம், பிறகு அங்கே நடப்பது, கடைசியில் பெயர். படம் முழுக்க ஒரே திசையில் நகருங்கள். ‘இங்கே’, ‘அது’, ‘அந்தச் சிவப்புக் கோடு’ எல்லாவற்றையும் எழுத்துப்படியிலேயே அடித்துவிடுங்கள். ஒரு ஸ்லைடுக்கு 30 முதல் 40 வினாடி, அதாவது ஐம்பது அறுபது சொல், போதும். அதற்கு மேல் போனால் ஸ்லைடை இரண்டாகப் பிரியுங்கள்.

பதிவு

நல்ல மைக் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், செல்போன் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். காலி வகுப்பறை எதிரொலிக்கும். துணி அடுக்கிய பீரோவும் மெத்தையும் உள்ள அறை எவ்வளவோ மேல். பேசும் முன் மூன்று வினாடி சும்மா இருங்கள், அந்த மௌனம் பின்னால் உதவும்.

ஆடாசிட்டி, ஒலிப்பதிவைத் திருத்தும் இலவச மென்பொருள். அந்த மூன்று வினாடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே எஃபெக்டைச் செலுத்துங்கள். இரைச்சல் குறைப்பின் அளவை மிகவும் ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவைத்தாலும் பரவாயில்லை. பேச்சு வேகமாகப் போயிருந்தால் ‘சேஞ்ச் டெம்போ’ பயன்படுத்துங்கள். ‘சேஞ்ச் ஸ்பீடு’ குரலின் சுருதியையும் இறக்கிவிடும். தொடக்கத்தில் ஒரு வினாடி மௌனத்தை மட்டும் விட்டு வெட்டி, மோனோ (ஒற்றைத் தடம்), 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவு. ஸ்டீரியோ வேவ் கோப்பென்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி.

பின்னணி இசை வேண்டாம். காதொலிக்கருவி குரலோடு சேர்த்து இசையையும் பெருக்கும், பிள்ளைக்குச் சொல் தனியாகக் கேட்காது.

தமிழை வாசிக்கும் செயற்கைக் குரலை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ‘கி.மீ.’, ‘கி.பி.’ போன்ற சுருக்கங்களையும் வேதியியல் குறியீடுகளையும் தப்பாக வாசிக்கக்கூடும். முழுச் சொல்லாக எழுதிக் கொடுத்து, ஒரு முறை கேட்டுப் பார்த்த பின்பே வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்குப் பழகிய ஆசிரியரின் குரல் கிடைக்கும்போது அதையே தேர்ந்தெடுங்கள்.

ஸ்லைடில் சேர்ப்பது

இன்செர்ட், ஆடியோ, ‘ஆடியோ ஆன் மை பிசி’. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் ‘லிங்க் டு ஃபைல்’ பக்கம் போகாதீர்கள். பென்டிரைவில் பவர்பாயிண்ட் கோப்பு மட்டும் போய், ஒலி வீட்டுக் கணினியிலேயே தங்கிவிடும். வாட்ஸ்அப் குரல் பதிவின் ஓபஸ் வடிவத்தைப் பவர்பாயிண்ட் ஏற்காமல் போகலாம், முதலில் எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பிளேபேக் பட்டையில் ‘ஸ்டார்ட்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். ‘ஆட்டோமேட்டிக்லி’ வேண்டாம். ஸ்லைடு மாறியதும் திடீரென்று ஒலி பாய்ந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பதறிப்போகலாம். ‘இப்போது குரல் வரும்’ என்று சொல்லிவிட்டு நீங்களே தொடங்குங்கள். ‘வென் கிளிக்ட் ஆன்’ வைத்தால் ஸ்பீக்கர் படத்தின் மேலேயே சொடுக்க வேண்டும். அதோடு ‘ஹைட் டியூரிங் ஷோ’வையும் டிக் செய்துவிட்டால் சொடுக்க எதுவுமே இருக்காது, ஒலி வராது. ‘இன் கிளிக் சீக்வென்ஸ்’ வைத்தால் ரிமோட்டின் அடுத்த அழுத்தத்திலேயே ஓடும்.

ஒலி ஓடும்போது ‘ஆட் புக்மார்க்’ மூலம் இடத்தைக் குறித்து, அனிமேஷனில் ‘ட்ரிகர், ஆன் புக்மார்க்’ கொடுத்தால், ‘மேலே மேகத்துக்கு’ என்று குரல் சொல்லும் கணத்தில் அந்த அம்புக்குறி தோன்றும். கவனம் எளிதில் சிதறும் பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வேலைதான், ஆனால் படம் உள்ள ஸ்லைடுகளுக்கு அவசியம் செய்யுங்கள்.

வகுப்பில்

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் விண்டோஸ் பெரும்பாலும் ஒலியைப் புரொஜெக்டருக்குத் திருப்பிவிடும். அதில் ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் சன்னமாகத்தான் கேட்கும். டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி, வெளியீட்டை மாற்றுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் சற்று நேரம் சும்மா இருந்தால் உறங்கிப்போய், முதல் சொல்லை விழுங்கும். முன்னால் விட்ட ஒரு வினாடி மௌனம் அதற்குத்தான். ஆம்ப்ளிஃபயரில் ‘உர்ர்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் மின் இணைப்பில் இருக்கிறது, பாடம் முடியும்வரை பேட்டரியிலேயே ஓட்டலாம்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். வகுப்பறையில் குறைவது அவ்வளவு இல்லாவிட்டாலும், கடைசி பெஞ்சுக்கு எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் கலந்துதான் போய்ச் சேரும். ஸ்பீக்கரை மேசைக்கு அடியில் வைக்காமல் பிள்ளைகளின் காது உயரத்தில் வையுங்கள். விசிறிகள் ஓடும்போதே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு அளவைச் சரிசெய்யுங்கள். காதொலிக்கருவி அணிந்த பிள்ளை முன்வரிசையில், ஸ்பீக்கருக்கு அருகில், உங்கள் முகம் தெரியும் இடத்தில் உட்காரட்டும்.

பாடம் முடிந்ததும் ஒலிக்கோப்புகளை ‘03 ஆவியாதல்’ என்பதுபோல் ஸ்லைடு எண்ணோடு பெயரிட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆவணமாக அனுப்புங்கள். மெதுவாகக் கேட்க வேண்டிய பிள்ளைகள் போனில் விஎல்சி செயலியில் 0.75 வேகத்தில் ஓட்டிக் கேட்கலாம்.